மலைவீட்டுக்குப் போன் பண்ணக் கூடாது

வோகெனெஸ்,
ஏப்ரல் 24

அன்புள்ள யோருன்,

பாடகர் குழுக் கூட்டத்திலிருந்து நீ பாதியில் எழுந்து போன அன்று நான் பின்னாலேயே வந்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் கைப்பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்டாய். "அண்ணி, எனக்கு மூளை மழுங்கிப் போச்சா?" நான் வாயைத் திறப்பதற்குள் வண்டிக் கதவைச் சாத்திவிட்டாய். வேலை பார்த்த காலம் முழுவதும் வகுப்பறையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பிழைத்தவள் நான். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கையால் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். என் பெயரில் மின்னஞ்சல் வந்தால் இனி நீ நம்ப வேண்டியதில்லை. இந்தக் கோழிக் கிறுக்கலை எவனும் போலியாக எழுத முடியாது. உன் அண்ணன் இருந்திருந்தால் அதையே சொல்லிச் சிரித்திருப்பார்.

உன் புகாரோடு இருந்த, என் பெயரில் உனக்கு வந்த அந்த மின்னஞ்சலைக் காவல் நிலையத்தில் எனக்கும் காட்டினார்கள். நான் மலைவீட்டில் இருக்கிறேனாம். சிக்னல் சரியில்லை, பேச முடியாதாம். நம் குழுவின் ஃபாரோ தீவுப் பயணத்துக்கு விடுதிக்காரர் முழுப் பணத்தையும் இன்றே கேட்கிறாராம், கணக்கு எண் மாறிவிட்டதாம். நான் ஊருக்கு வரும்வரை மற்றவர்களிடம் சொல்ல வேண்டாமாம். கடைசியில், "நீ செய்யும் எல்லாவற்றுக்கும் நன்றி, யோருன்."

படித்து முடித்ததும் எனக்குப் பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதங்கள்தான் நினைவுக்கு வந்தன. பிள்ளைகள் அம்மா எழுதியதுபோல் தாங்களே எழுதிக்கொண்டு வருவார்கள். எழுத்துப் பிழை பார்த்துக் கண்டுபிடிப்பதாக எல்லாரும் நினைப்பார்கள். அப்படியில்லை. உண்மையான அம்மா, 'பையனுக்குக் காய்ச்சல், நாளை வருவான்' என்று கசங்கிய தாளில் எழுதுவாள். போலி அம்மாவோ மரியாதையாக, விளக்கமாக எழுதுவாள். கடைசியில் தவறாமல், 'தயவுசெய்து வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம், அம்மா தூங்குவார்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்த்ததும் நான் போனை எடுப்பேன்.

உனக்கு வந்ததிலும் அந்த வரிதான் இருந்தது. அவசரம், புதிய கணக்கு எண், யாரிடமும் பேசாதே, என்னையும் கூப்பிடாதே. மேலே என் பெயர் இருந்தது. அந்தப் பெயரை விரலால் தொட்டிருந்தால் பின்னால் இருந்த முகவரி தெரிந்திருக்கும். எவனோ ஒருவனுடையது. ஆனால் போன் திரையில் வெறும் பெயர்தானே தெரிகிறது.

ஆகவே என் பதில்: உன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் உன்னிடம் ஒரு முறை செய்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமைப் பயிற்சிக்கு வா. உன் நாற்காலியில் ஹெர்போர்க் தன் கைப்பையை வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால், "ஆள் வருது" என்கிறாள்.

டோர்டிஸ்


மலைவீடு,
ஏப்ரல் 29

அண்ணி,

கடிதம் கிடைத்தது. சாலைமுனைத் தபால்பெட்டி வரை பனிச்சறுக்கில்தான் போக வேண்டியிருக்கிறது. பாதி பனி, பாதி சேறு. பதில் தாமதமானால் கோபம் என்று நினைக்க வேண்டாம். கோபமும் இருக்கிறது, அது வேறு.

ஆறுதல் சொல்லும்போது நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் அன்று எல்லார் முன்னாலும் என்ன சொன்னீர்கள்? "நான் எப்பவாவது அப்படி எழுதுவேனா, யோருன்? ஒரு போன் பண்ணியிருக்கலாமே?" நானும் மற்றவர்களும் தெருத் தெருவாகக் கழிப்பறைத் தாள் விற்றும், சந்தையில் நின்று வாஃபிள் சுட்டும் சேர்த்த பணம். எண்பத்தாறாயிரம் குரோனர். அதை நான் ஒரே பொத்தானில் அனுப்பினேன். அது எனக்குத் தெரியாதா?

ஒரு போன் பண்ணியிருக்கலாமாம். ஈஸ்டருக்கு மலைவீட்டில் இருக்கிறவருக்கு யார் போன் பண்ணுவார்கள்? நம் வீட்டில் அத்தை செத்ததைக்கூட அப்பா விடுமுறை முடித்து இறங்கி வந்த பிறகுதான் அம்மா சொன்னார். "மலைக்குப் போனவங்களை விட்டுடணும்" என்பார். அதோடு, குழுவின் இணையப் பக்கத்தில் நீங்களே எழுதிப் போட்டீர்கள்: 'தலைவர் ஈஸ்டர் முடியும்வரை மலைவீட்டில். வீடு பற்றி எரிந்தால் மட்டும் அழைக்கவும்.' அதற்குக் கீழேயே, பொருளாளர் என்று என் பெயரும் முகவரியும். ஊரே சிரித்தது. எங்கிருந்தோ அவனும் படித்திருக்கிறான். வீடு பற்றி எரியவில்லையே அண்ணி, எப்படிக் கூப்பிடுவேன்?

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். போலி அம்மா மரியாதையாக எழுதுவாள் என்கிறீர்கள். அந்தக் கடைசி வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பொருளாளராகி இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைத்தேன். சந்தேகம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

போகட்டும். பணம் திரும்பி வரும். தேசிய நாளுக்குள், மே பதினேழுக்குள் வந்துவிடும். எப்படி என்று கேட்காதீர்கள், இப்போது சொல்லக் கூடாது. அப்பாவின் படகைப் பற்றி நம் குழுவின் அர்ன்ஃபின் விசாரித்தால், யோருன் பேசிக்கொள்வாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இங்கே வர வேண்டாம். வீட்டார் மாறி மாறித் தங்கும் இந்த மலைவீடு ஜூன் வரை என் முறை.

யோருன்


வோகெனெஸ்,
மே 4

அன்புள்ள யோருன்,

இணையப் பக்கத்திலிருந்து அந்த வேடிக்கை வாசகத்தை எடுத்துவிட்டேன். நீ சொன்னது சரி. யார் ஊரில் இல்லை, பணம் யார் கையில் என்று சேர்த்து எழுதி வாசலில் ஒட்டியதுபோல்தான் ஆகியிருக்கிறது.

நன்றி பற்றி நீ எழுதியதற்கு இப்போது பதில் எழுதப் போவதில்லை. இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், பாடப் புத்தகம்போல் வந்தது. கிழித்துவிட்டேன். பிறகு எழுதுகிறேன்.

இப்போது எனக்கு வேறு பயம். பணம் திரும்பி வரும் என்கிறாய். வங்கியில் நானே கேட்டேன்: அது அன்றைக்கே வெளிநாட்டுக் கணக்குகளுக்குத் துண்டு துண்டாகப் போய்விட்டது, போன பணமாகவே நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். காவல் நிலையத்திலும் நம்பிக்கை தரவில்லை. பிறகு உனக்கு மட்டும் எப்படி வருகிறது? ஏன் சொல்லக் கூடாது? சொல்லக் கூடாது என்று உனக்குச் சொன்னது யார்?

ஒரு தெருவில் திருட்டுப் போகிறது என்று வைத்துக்கொள். மறுநாளே ஒருவன் வந்து, உங்கள் பொருளை மீட்டுத் தருகிறேன், கொஞ்சம் செலவாகும் என்கிறான். எந்த வீட்டில் திருட்டுப் போனது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? ஏமாந்தவர்களின் பெயர்களை இவர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்களாம். ஒரு தடவை கொடுத்தவர் மனம் தவிக்கும், இன்னொரு தடவையும் கொடுப்பார் என்று கணக்கு.

அவன் உன்னைத் தேடி வந்தானா, நீ அவனைத் தேடிப் போனாயா? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

அர்ன்ஃபின் வந்தான். முகத்தில் பெரிய சிரிப்பு. "படகுக்குள்ள மண்ணைக் கொட்டி, பூச்செடி வெச்சு, என் கூடார மைதானத்து வாசல்ல நிறுத்தப்போறேன். வர்றவங்க எல்லாம் போட்டோ எடுப்பாங்க" என்றான். உன் அப்பா ஒவ்வொரு பலகையாக இழைத்துக் கட்டிய படகு. நீ விற்கிறாய் என்று அவன் சொன்னபோது நான் காப்பியைத் தட்டில் ஊற்றிவிட்டேன்.

உனக்குப் போன் செய்து பார்க்கிறேன், அணைத்து வைத்திருக்கிறாய். வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வரவில்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

டோர்டிஸ்


மலைவீடு,
மே 8

அண்ணி,

வகுப்பில் நிறுத்திவைத்துக் கேட்பதுபோல் கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன். சொன்ன பிறகாவது விடுங்கள்.

அவர்தான் எழுதினார். நான் தேடிப் போகவில்லை. பெயர் லிண்ட்க்விஸ்ட். வெளிநாடுகளில் முடக்கிய மோசடிப் பணத்தை மீட்கும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறார். குழுவின் பெயர், தொகை, அனுப்பிய நாள் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. புகைப்படத்தோடு அடையாள அட்டையும் அனுப்பினார். நம் பணம் பிடிபட்டு ஒரு கணக்கில் இருக்கிறதாம். முதலில் பதிவுக் கட்டணம் என்று சிறிய தொகை கேட்டார், கட்டிவிட்டேன். இப்போது அந்த நாட்டு வரியைக் கட்டினால் மறுநாளே விடுவிப்பார்கள். அது பெரிய தொகை. அதற்குத்தான் படகு. அர்ன்ஃபின் பதினைந்தாம் தேதி பணத்தோடு இங்கேயே வருகிறான், படகுக்கொட்டில் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

விசாரணை நடப்பதால் வெளியே சொல்ல வேண்டாம் என்றார். நியாயம்தானே?

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். ஆனால் இதையும் கேளுங்கள். நான் இங்கே வந்ததிலிருந்து தினமும் மதியம் விறகுக்கொட்டகைக்குப் பின்னால் மேட்டில் ஏறி நின்று போனைப் போடுகிறேன். அங்கேதான் சிக்னல். தினமும் அவருடைய மின்னஞ்சல் ஒன்று இருக்கும். நேற்று இரவு தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, இது உங்கள் தவறில்லை என்று எழுதுவார். உங்களைத் தவிரக் குழுவிலிருந்து ஒருவர்கூட எழுதவில்லை. என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருப்பார்கள். மலைக்குப் போனவர்களை விட்டுவிட வேண்டும், இல்லையா? இந்த மாதம் முழுவதும் என்னிடம், தூங்கினாயா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பணத்தை மேசைமேல் வைத்தால்தான் நான் மறுபடி அந்த வரிசையில் போய் நிற்க முடியும். வெறுங்கையோடு வந்து எந்த வாயால் பாடுவது?

யோருன்


மலைவீட்டுப் படிக்கட்டு,
மே 13

யோருன்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. ஹெர்போர்க் வண்டி ஓட்டினாள். சாலைமுனையிலிருந்து நடந்து வந்தேன். முழங்கால் வரை சேறு. கதவு பூட்டியிருக்கிறது, உன் சறுக்குக் கட்டைகள் சுவரில் இல்லை. உன் முறையில், அழைக்காமல், மலைவீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா பார்த்திருந்தால் என்னை மருமகள் இல்லை என்றே சொல்லியிருப்பார்.

வரும் வழியில் ஹெர்போர்க்கிடம் எல்லாம் சொன்னேன். மன்னித்துக்கொள். சாலையைப் பார்த்தபடியே கேட்டாள். பிறகு, "அந்த ஆளு தூங்கினியான்னு கேட்டானாம், நாம கைப்பையைக் காவலுக்கு வெச்சுட்டு வீட்டுல உக்காந்திருந்தோம்" என்றாள். கீழே வண்டியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இதைச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

அவன் திருடன் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் சொன்னால் நீ அவன் பக்கம் பேசுவாய். எனக்கு உன்னைத் தெரியும். நீயே அவனிடம் கேள். ஒரே ஒரு வரி எழுது: "மீட்ட பணத்திலேயே உங்கள் வரியையும் கட்டணத்தையும் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்." வேறொன்றும் வேண்டாம். பணம் உண்மையிலேயே அவன் கையில் இருந்தால் அதில் அவனுக்கு என்ன கஷ்டம்? என்ன பதில் வருகிறது என்று பார்.

அதன் பிறகும் நம்பினால் படகை விற்றுக்கொள். நான் தடுக்க மாட்டேன்.

காவல் நிலையத்தின் எண் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. மின்னஞ்சலில் வந்ததைப் பார்த்து எழுதவில்லை. நிலையத்துக் கதவில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதினேன். என் எண் உனக்குத் தெரியும்.

குடுவையில் காப்பி இருக்கிறது. வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் டப்பாவில். கடிதத்தைக் குடுவைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன், காற்றாக இருக்கிறது.

டோர்டிஸ்


மலைவீடு,
மே 15

அண்ணி,

நீங்கள் வந்ததைப் பார்த்தேன். விறகுக்கொட்டகைக்குப் பின்னால் மேட்டில்தான் நின்றிருந்தேன், கையில் போனோடு. நீங்கள் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு எழுதியதை முழுவதும் பார்த்தேன். இறங்கி வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. நீங்கள் எழுந்து சேற்றில் மெதுவாகக் கால் வைத்துப் போனீர்கள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை.

காப்பி இன்னும் சூடாக இருந்தது.

அன்று எழுதவில்லை. நேற்றுதான் அந்த வரியை நீங்கள் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். மேட்டிலேயே நின்றேன். உடனே பதில் வந்தது. சட்டம் இடம் கொடுக்காது என்று ஆரம்பித்தார். அப்படியானால் நான் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டுக் கட்டுகிறேன் என்றேன். அவ்வளவுதான். விசாரணையைக் கெடுத்த குற்றத்துக்கு என்னைச் சிறையில் வைப்பார்களாம். நாளைக்குள் கட்டாவிட்டால் பணம் அந்த நாட்டு அரசுக்குப் போய்விடுமாம். குழுவில் எல்லாருக்கும் என்னைப் பற்றி எழுதுவாராம். இத்தனை நாள் எழுதிய ஆள்தானா இது என்று இருந்தது. நான் பதில் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. "கோபித்துக்கொள்ளாதீர்கள், யோருன். நேற்று இரவு தூங்கினீர்களா?"

அதைப் படித்ததும்தான், அண்ணி, அவனுடைய மின்னஞ்சலை மூடினேன். மிரட்டலைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த ஒரு வரியைத் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் நான் அதற்குத்தான் மேட்டில் ஏறினேன்.

தாளின் பின்பக்கம் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் நடுவில் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்த மின்னஞ்சல்களை அழிச்சிடாதீங்க, பதிலும் போடாதீங்க. பதிவுக் கட்டணம் கட்டினதை வங்கிக்கு இப்பவே சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். கடைசியில், "முதல்ல ஏமாந்தவங்களைத்தான் இவங்க தேடி வருவாங்கம்மா. நீங்க வரி கட்டறதுக்கு முன்னாடியே கூப்பிட்டீங்க பாருங்க" என்றாள். நான் அழுதேன் என்று நினைக்கிறேன். காற்றுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

இன்று அர்ன்ஃபின் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தான். படகு விற்பனைக்கு இல்லை என்றேன். "விக்கலேன்னா விடு. இவ்வளவு தூரம் நடந்ததுக்கு ஒரு வாஃபிளாவது குடு" என்றான். உங்கள் டப்பாவைக் காலி செய்துவிட்டான். தபால் விடுமுறைக்குப் பிறகுதான் போகும் என்பதால் இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

பணம் வராது. அது இப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. வெறுங்கையோடு வந்தால் பரவாயில்லையா?

யோருன்


வோகெனெஸ்,
மே 22

அன்புள்ள யோருன்,

மே பதினேழு அன்று கொடி ஊர்வலம் முடிந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் மலைக்கே திரும்பிவிட்டாய். உன் முறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் நீ பாடினாய். ஹெர்போர்க் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாளே, அப்போது வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்காததைக் கவனித்தாயா? பேசி வைத்துக்கொண்டார்கள். எனக்கே பிறகுதான் தெரியும்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. ஃபாரோ தீவுகள் எங்கேயும் போய்விடாது, அடுத்த கோடையில் போகலாம் என்று முடிவாகிவிட்டது. மறுபடி கழிப்பறைத் தாள் விற்கிறோம். போன தடவை வாங்கியதே பரணில் கிடக்கிறது என்று ஊரில் முனகுகிறார்கள், ஆனால் பெயர் கொடுத்துவிட்டார்கள். இனி எந்தப் பணமும் இரண்டு பேர் வங்கியில் ஒப்புதல் கொடுத்தால்தான் போகும். நீயே பொருளாளராக இருக்க வேண்டும் என்று அர்ன்ஃபின்தான் முதலில் சொன்னான். "ஒரு தடவை தூண்டிலைக் கடிச்சவங்க வாசனையிலயே கண்டுபிடிச்சிடுவாங்க" என்று விளக்கமும் சொன்னான். அவனுக்கு அதற்கு மேல் நயமாகப் பேச வராது. எல்லாரும் கை தூக்கினார்கள். நீ வந்து, சரி என்று சொன்னால் போதும்.

பிறகு எழுதுகிறேன் என்று ஒன்றைத் தள்ளிப்போட்டிருந்தேன். விடுப்புக் கடிதம் எழுதும் உண்மையான அம்மாவைப்போல் சுருக்கமாகவே எழுதுகிறேன். இத்தனை வருடம் கணக்குப் பார்த்தாய், வாஃபிள் மாவு கலக்கினாய், என் எரிச்சலைப் பொறுத்தாய். நன்றி, யோருன். இதைப் படித்ததும் சந்தேகம் வந்தால் நல்லதுதான். உடனே எனக்குப் போன் செய்து, நீங்கள்தானா எழுதியது என்று கேள். நானே என் வாயால் இன்னொரு தடவை சொல்கிறேன்.

இணையப் பக்கத்தில் பழைய வாசகம் இருந்த இடத்தில் குழுவினர் புதிதாக ஒன்று போடச் சொன்னார்கள். யார் எப்போது எங்கே என்று ஒன்றும் எழுதவில்லை. படிப்பவர்கள் செய்து பார்ப்பதற்கு ஒரே ஒரு வேலை மட்டும் எழுதினேன். உனக்கும் அதையே எழுதுகிறேன்:

உங்களுக்கு நெருக்கமான ஒருவரை இன்றே அழைத்து, "பணம் கேட்டு யார் பெயரில் எது வந்தாலும் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவேன், நீ மலைவீட்டில் இருந்தாலும் சரி" என்று சொல்லிவையுங்கள்.

டோர்டிஸ்